மஞ்சள் கோட்டுக்கு நான்கு பேர்

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அண்ணி மூன்று முறை விழுந்தாள் என்று எழுதியிருந்தேன். இரண்டு முறைதான். மூன்றாவது தடவை அவள் தரையில் உட்கார்ந்தது ஷூ லேஸ் கட்டுவதற்கு. அது எனக்கு அப்போதே தெரியும். எழுதும்போது கை தானாக மூன்று என்று போட்டுவிட்டது. அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு.

பகலில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறேன். கோணம் கொஞ்சம் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். அதனால் எதையும் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த தட்டில் வைப்பேன். சாயங்கால ஸ்கேட்போர்டு வகுப்பிலும் எனக்கு அதே பழக்கம். அண்ணி அதற்கு நேர் எதிர். அவள் பஸ் கண்டக்டர்.

வகுப்பு நடப்பது ஒரு பழைய காகிதக் கிடங்கில். பெண்களுக்குத் திங்கள், புதன், வியாழன். கோச் ஒரு பெண். முட்டியில் பெரிய தழும்பு, பேச்சில் பெரிய சத்தம். அவர் யாரையும் தரம் பிரிக்க மாட்டார். தரையில் மூன்று கோடுகள் போட்டு வைத்திருக்கிறார். வெள்ளை என்றால் இப்போதுதான் கற்கிறேன் என்று அர்த்தம். மஞ்சள் என்றால் குழியில் இறங்குவேன். சிவப்பு என்றால் குழியிலிருந்து பறப்பேன்; அதில் இன்னும் யாரும் போர்டு வைத்ததில்லை. குழி என்று நாங்கள் சொல்வது கிடங்கின் பின்பக்கத்தில் உள்ள, கிண்ணம் மாதிரி வளைந்த சிமென்ட் பள்ளத்தை. உள்ளே வந்ததும் அவரவர் போர்டை அவரவர் கோட்டில் வைக்க வேண்டும். அடுத்தவர் போர்டை யாரும் நகர்த்தக் கூடாது. கோச்சும் நகர்த்த மாட்டார்.

"உன் காலு உனக்குத்தானே தெரியும்? நான் என்ன ஜோசியமா பார்க்கறேன்?" என்பார்.

எட்டு மாதமாக என் போர்டு வெள்ளையில் இருக்கிறது. எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். சின்ன ராம்ப் என்கிற மரச் சரிவிலிருந்து இறங்கி, எதிர்ச்சுவரில் திரும்பி, கால் தரையில் படாமல் நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து. அது வந்தபிறகுதான் மஞ்சள். எனக்கு ஒன்பது வரும். பத்தாவதில் ஏதாவது ஆகும்.

அண்ணி வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. ஆள் குறைவாக இருக்கிறது, ஆளுக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கோச் சொன்னதால் நான்தான் கூட்டிப்போனேன். அவள் ஓட்டுவது என் பழைய போர்டு. முதல் நாளே அதை மஞ்சள் கோட்டில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அங்கதான்டி ஃபேன் இருக்கு" என்றாள்.

கோட்டுக்கு அர்த்தம் இருப்பதே அவளுக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் எடுக்கவில்லை. வைத்ததை எடுத்தால் நன்றாகவா இருக்கும் என்று குழியில் இறங்கப் பழக ஆரம்பித்துவிட்டாள். ஃபேன் காற்றுக்காக மஞ்சளுக்குப் போனவள். இதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

இன்று கிடங்கு மேனேஜர் வந்தார். காதில் பேனா செருகியிருந்தார். நல்ல மனிதர், அதட்டிப் பேசமாட்டார். அதனாலேயே அவர் சொல்வதை மறுக்கவும் முடியாது.

"வியாழக்கிழமை பாதி நேரம் குழி உங்களுக்குன்னு விட்டிருக்கேன். ஆனா மஞ்சள்ல மூணு பேர்தான் இருக்கீங்க. பசங்க குரூப்ல இருபது பேர் வெளிய காத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் என்னம்மா செய்யட்டும்?"

"மூணு பேர் மனுஷங்க இல்லையா?" என்றார் கோச்.

"நாலு பேராவது இருந்தா நானும் கமிட்டியில பேசலாம். அடுத்த புதன்கிழமை வந்து கோட்டைப் பார்க்கறேன். நாலு இருந்தா குழி உங்களுக்கு, அதுவும் அரை நேரம் இல்ல, வியாழன் முழுக்க. இல்லைன்னா பசங்களுக்கு. உங்களுக்குச் சமதரை எப்பவும் இருக்கு."

அவர் போனதும் எல்லோரும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்கள். வெள்ளையில் நாங்கள் ஒன்பது பேர். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தாள். கோச் என்னைப் பார்த்தார்.

"என்ன யோசிக்கிறே?"

"இன்னும் பத்துக்கு ஒன்பதுதான் கோச் வருது."

"பத்தாவது வர்றதுக்குள்ள உனக்கு பென்ஷன் வந்துடும்."

பேக்கரி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவர் ரொட்டி அடுப்பில் வேலை பார்க்கிறவர், வெள்ளைக் கோட்டில் என் பக்கத்துப் போர்டு அவருடையது. முதல் வாரத்தில் 'ஒல்லி' என்ற குதிப்பைப் பற்றிச் சொன்னபோது, "அதுக்கு ஒல்லியா இருக்கணுமா? அப்ப நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்தவர்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அண்ணி நின்றுகொண்டே வந்தாள். கம்பியைப் பிடிக்கவில்லை. டிரைவர் பிரேக் போட்டபோது பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் முன்னால் சாய, அவள் மட்டும் இடுப்பை லேசாக வளைத்துவிட்டு நின்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆடும் தரையில் நிற்பதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். நான் பகல் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள். இது திறமை இல்லை, உத்தியோகம்.

இதை எழுதியதும் மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் மஞ்சளில் இருக்கும் இன்னொருத்தி நர்ஸ், மூன்றாமவள் தையல் மிஷினில் வேலை செய்கிறவள். தையல்காரி என்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருப்பவள். ஆகவே என் வாதத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது. பிறகு யோசிக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

குழி நாள். வெள்ளைக்காரிகள் சமதரையில் பழக வேண்டும். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் குழியைச் சுற்றியுள்ள கம்பிக்கு வந்து நின்றுகொண்டேன்.

இறங்குவது எப்படி என்பதை வாயால் என்னால் யாருக்கும் பாடம் எடுக்க முடியும். போர்டின் வாலைக் குழியின் விளிம்பில் வைத்துப் பின்காலால் மிதித்து நிற்க வேண்டும். அப்போது போர்டின் முன்பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். முன்காலை அதன்மேல் வைத்து, முழு உடம்பையும் முன்னால் கொடுத்துவிட வேண்டும். பாதி கொடுத்தால் விழுவோம். பின்னால் சாய்ந்தால் போர்டு மட்டும் தனியாகக் கிளம்பிப் போய்விடும். முழுதாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள்.

அண்ணி முதல் தடவை பாதி கொடுத்தாள், விழுந்தாள். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, "யாரும் பார்க்கலையே?" என்றாள். எல்லோரும் பார்த்தோம். இரண்டாவது தடவையும் விழுந்தாள். மூன்றாவது தடவை விளிம்பில் நின்று, ஏதோ மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொள்கிறவள் மாதிரி ஒரு கணம் கூரையைப் பார்த்தாள். பிறகு முன்காலைத் தடாரென்று மிதித்தாள். சக்கரம் சிமென்டில் பட்ட சத்தம் ஒரே சத்தமாக இருந்தது. கீழே போய், எதிர்ச்சுவரில் ஏறி, மெதுவாகத் திரும்பி, மறுபடி வந்து நடுவில் நின்றாள். கை இரண்டும் பக்கவாட்டில் சும்மா தொங்கின.

நர்ஸ் விசில் அடித்தாள். கோச், "அது! அது! அதுதான்!" என்று கத்தினார். நான் கைதட்டவில்லை. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கீழே வைத்திருக்கலாம்.

அண்ணி நேராக என்னைத்தான் பார்த்தாள். "ஏய் பரீட்சை, எப்படி இருந்தது?" பரீட்சை என்பது அவள் எனக்கு வைத்த பெயர், எப்போது பார்த்தாலும் என்னை நானே பரீட்சித்துக்கொண்டிருக்கிறேனாம்.

"திரும்பறப்போ முழங்கால் இன்னும் மடங்கணும் அண்ணி" என்றேன்.

உண்மை என்னவென்றால் அது சுத்தமாக இருந்தது. லென்ஸாக இருந்திருந்தால் நான் மறுபடி பார்க்காமல் அடுத்த தட்டில் வைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு எண்ணம் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். அடுத்த புதனன்று நான்காவது ஆள் இல்லாவிட்டால் குழி போய்விடும். குழி போனால் அண்ணி இறங்க இடம் இல்லை. நான்காவது ஆளாக ஆகக்கூடியவள் வகுப்பில் நான் ஒருத்திதான். ஆக, நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எட்டு மாதமாக எங்கே வைக்கிறேனோ அங்கேயே வைத்தால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. என்ன அடக்கமான பெண் என்றுகூடச் சொல்வார்கள்.

எனக்கும் குழியில் இறங்க வேண்டும் என்ற ஆசை உண்டு. அதற்காகத்தான் இந்த வகுப்பிலேயே சேர்ந்தேன். ஆனால் அண்ணிக்குப் பின்னால் இரண்டாவதாக இறங்க வேண்டும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

நர்ஸ் எடுத்த வீடியோவை அண்ணி அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறாள். அண்ணன் அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். காலையில் அம்மா போன் செய்தாள்.

"என்னடி, உங்க அண்ணி அப்படிப் பறக்கிறா? நீயும் அவகிட்டக் கொஞ்சம் கத்துக்கயேன்."

"அம்மா, அவங்களைக் கூட்டிட்டுப் போனதே நான்தான்."

"அதான் சொல்றேன். கூட்டிட்டுப் போனவளுக்கு வரலையே."

போனை வைத்துவிட்டு வந்தால் அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சிரிக்கிறான். "நம்ம வீட்டுல ஒருத்தி இறங்கறா, ஒருத்தி எழுதறா. நல்ல டீம்."

"நீ சட்டையைக் கருக்காம இரு."

அண்ணி முழங்கைக் காயத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தாள். நீலம், பச்சை, ஓரத்தில் மஞ்சள். நகை காட்டுவது மாதிரிக் காட்டினாள். என் முழங்கையில் ஒன்றுமே இல்லை. எட்டு மாதம் ஆகியும் காட்டுவதற்கு ஒரு கீறல் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"புதன்கிழமை உன் போர்டை எடுத்து இந்தப் பக்கம் வெச்சுடு, பரீட்சை. உன்னால முடியாதா என்ன? என்னைவிட நீ நல்லா திரும்பறே. எனக்கே தெரியும்."

அதை நல்ல மனதோடுதான் சொன்னாள் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பிச்சை போடுகிற மாதிரி இருந்தது.

"எனக்கு என் நிலை தெரியும் அண்ணி. அதுக்கேத்த இடத்துலதான் வைப்பேன். ஃபேன் காத்து வருதுன்னு பார்த்து வைக்க மாட்டேன்."

அண்ணி சிரிப்பாள் என்று நினைத்தேன். எப்போதும் சிரிப்பாள். சிரிக்கவில்லை. நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"ஒரு தடவை சரியா இறங்கிட்டா மஞ்சளா? உங்க நிலை என்னன்னு உங்களுக்கே தெரியுமா? எனக்கு பத்துக்கு ஒன்பது வருது, நான் வெள்ளையில நிக்கறேன். உங்களுக்கு மூணுக்கு ஒண்ணு."

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அண்ணி மடித்துக்கொண்டிருந்த துண்டை முடித்துவிட்டு இன்னொரு துண்டை எடுத்தாள். ஓரங்கள் சேரவில்லை என்று உதறி மறுபடி மடித்தாள். சாதாரணமாக அவள் அப்படிப் பார்த்து மடிக்கிறவள் இல்லை.

கணக்கு சரிதான். மூன்றுக்கு ஒன்று. நான் பொய் சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

அண்ணிக்கு மாலை ஷிஃப்ட், வகுப்புக்கு வரவில்லை. மஞ்சள் கோட்டில் ஃபேனுக்கு அடியில் ஒரு இடம் காலியாக இருந்தது. நான் போர்டை வெள்ளையில் வைத்தேன்.

பயிற்சியில் பத்துக்குப் பத்து வந்தது.

இதை இன்னும் பெரிய எழுத்தில் எழுதுவேன் என்று எட்டு மாதமாக நினைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. பேக்கரி அக்கா மட்டும் பார்த்திருக்கலாம், அவர் ஓரமாக உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று தரையைப் புதிதாகப் பெருக்கியிருந்தார்கள். தூசி இல்லாத தரையில் வந்ததைக் கணக்கில் சேர்க்கலாமா என்பது சந்தேகம். இன்னொரு முறை வந்தால் உறுதி. இன்னொரு முறை என்பது புதன்கிழமை. மேனேஜர் வகுப்பு தொடங்கும்போதே வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயிற்சி. ஆகவே புதனன்று போர்டை வெள்ளையில் வைப்பதுதான் முறை.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வரிக்கு வரி சரியாக இருக்கிறது. மொத்தமாகப் படித்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுத முயல்கிறேன்.

நானும் அண்ணியும் ஒரே பஸ்ஸில் போனோம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். இன்று அவள் உட்கார்ந்து வந்தாள். கிடங்குக்குள் நுழைந்ததும் நான் நேராகப் போய் என் போர்டை வெள்ளையில் வைத்தேன். நிமிர்ந்தபோது என் போர்டுக்குப் பக்கத்தில் என் பழைய போர்டு இருந்தது. அண்ணி அதை வெள்ளையில் வைத்துவிட்டு ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னது இது?" என்றார் கோச்.

"எனக்கு மூணுக்கு ஒண்ணுதான் கோச் வருது. என் நிலை இதுதான்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு."

அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. மஞ்சளில் அவள் இல்லை. சந்தோஷப்பட வேண்டும். அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் நர்ஸ் தன் போர்டைக் காலால் உருட்டிக்கொண்டு வெள்ளைக்கு வந்தாள். "அவங்க மூணுக்கு ஒண்ணுன்னா நான் அஞ்சுக்கு ஒண்ணு. நான் மட்டும் அங்க நின்னா திமிருன்னு நினைப்பாங்க." தையல்காரி மஞ்சளில் தனியாக நின்றாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அவளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். காதிலிருந்து பேனாவை எடுத்தார். மஞ்சளைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், மறுபடி மஞ்சளைப் பார்த்தார்.

"போன வாரம் மூணு இருந்ததே? நீங்க இங்க கத்துக்கறீங்களா, மறக்கறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. கோச் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் போட்ட விதி, அவராலேயே ஒரு போர்டையும் தொட முடியாது. முகம் சிவந்திருந்தது.

"அப்ப பசங்களுக்குச் சொல்லிடட்டுமாம்மா?" என்றார் மேனேஜர். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பேக்கரி அக்கா என் பக்கம் திரும்பினார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு, கிடங்கு முழுக்கக் கேட்டது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன் கண்ணு. திங்கக்கிழமை பத்துத் தடவை இறங்கினியே, ஒரு தடவைகூடக் கால் கீழ வைக்கல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீயே வெள்ளைன்னா, நாங்கல்லாம் எங்க வைக்கறது? வாசல்லயா?"

"ஆமா" என்றாள் வரிசையில் யாரோ. "இவளே இங்க இருக்கான்னுதான் நானும் நகரல."

"நானும்தான்."

நான் என்னை மட்டும் அளந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். இவர்கள் எல்லோரும் என் போர்டைப் பார்த்துத் தங்கள் போர்டை வைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக!

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். "பத்துக்குப் பத்து வந்துச்சா? சொல்லவே இல்லையே."

அவள் குரலில் குத்தல் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கணக்குப் போட்டு, திட்டம் போட்டு, அடக்கமாக நின்றேன். அவள் நான் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு, நிஜமாகவே தன்னைக் குறைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். அடக்கத்திலும் என்னை முந்திவிட்டாள். ஃபேனுக்காக மஞ்சளுக்குப் போனவள்!

நல்லெண்ணத்தால் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. எரிச்சலில்தான் என் போர்டை எடுத்தேன். எடுத்துக்கொண்டு போய் மஞ்சள் கோட்டில் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

"ஒண்ணு" என்றார் மேனேஜர்.

அங்கே நின்று பார்த்தால் கிடங்கு வேறு மாதிரித் தெரிகிறது. குழியின் விளிம்பு பக்கத்தில் இருக்கிறது. ஃபேன் காற்று உண்மையிலேயே நன்றாக வருகிறது. அண்ணி வெள்ளையில், நான் மஞ்சளில். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. ஆனால் மேனேஜர் பேனாவைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று பேர் வராவிட்டால் குழி இல்லை. குழி இல்லாத மஞ்சள் கோடு வெறும் பெயின்ட். அதில் நான் மட்டும் நின்று என்ன செய்வது?

"அண்ணி, இங்க வாங்க."

"எதுக்கு? என் நிலை என்னன்னு எனக்கே தெரியாதே."

எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்கு வேண்டியதுதான்.

"வியாழக்கிழமை மூணாவது தடவை நீங்க இறங்கினீங்களே..."

"அதுக்கென்ன?"

"சுத்தமா இருந்தது."

"முழங்கால் மடங்கலைன்னு சொன்னியே?"

"மடங்கிச்சு. நல்லாவே மடங்கிச்சு."

"கேக்கல."

"மடங்கிச்சுன்னு சொல்றேன்ல!"

"சும்மா கத்தாதே, அதான் கேட்டுடுச்சே" என்று போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவள் உதடு ஓரத்தில் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. ஃபேனுக்கு அடியில் நான் நின்ற இடத்தைக் கண்ணால் காட்டி, "கொஞ்சம் தள்ளு" என்றாள். நான் தள்ளவில்லை. அவள் போர்டை எனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு."

நர்ஸும் தையல்காரியும் ஒன்றாகவே ஓடிவந்தார்கள். நான்கு ஆகிவிட்டது. மேனேஜர் எழுதப் போனபோது பேக்கரி அக்கா, "இருங்க சார், அவசரப்படாதீங்க" என்று தன் போர்டையும் தூக்கினார்.

"அக்கா, நீங்க சின்ன ராம்ப்லயே இன்னும்..." என்று ஆரம்பித்தார் கோச்.

"நான் இறங்கறேன்னு எங்க சொன்னேன்? உருண்டாவது போறேன். எப்படிப் போனாலும் கீழதானே போகணும்?"

ஐந்து. மேனேஜர் எழுதிக்கொண்டார். நாளையிலிருந்து வியாழன் முழுக்கக் குழி எங்களுக்கு. அடுத்த மாதம் மறுபடி வந்து பார்ப்பாராம். அப்போது கோட்டை மட்டும் பார்க்க மாட்டேன், இறங்குவதையும் பார்ப்பேன் என்றார். நியாயம்தான்.

அவர் போனதும் கோச் எங்கள் முன்னால் வந்து நின்றார். "நாளைக்கு யார் முதல்ல இறங்கறீங்க?"

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். போன வாரம் சுத்தமாக இறங்கியவள் அவள்தான், அது முறைதான். அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான், "நான்" என்றேன்.

"நீ குழியில ஒரு தடவைகூட இறங்கினதில்லையே?" என்றார் கோச்.

"நாளைக்கு இறங்குவேன்."

"சின்ன ராம்ப் மாதிரி இல்ல அது. ரெண்டு மடங்கு உயரம்."

"அளந்திருக்கேன் கோச்."

"அளந்திருப்பா" என்றாள் அண்ணி. "அவ முதல்ல போகட்டும். விழுந்தா நான் பார்த்துக்கிட்டு விழாம போவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு இடம் விட்டுக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு விட்டுக்கொடுத்தது வேண்டாம். அவள் கொஞ்சமாவது சண்டை போட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டு வந்தோம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி பிடிக்கவில்லை. ஒரு வளைவில் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு விளிம்புல நிக்கறப்போ கீழ பார்க்காதே. எதிர்ச்சுவரைப் பாரு. நான் முதல் ரெண்டு தடவை கீழ பார்த்தேன், அதான்" என்றாள்.

அதனால்தான் மூன்றாவது தடவை கூரையைப் பார்த்தாளா என்று கேட்கவில்லை. "சரி அண்ணி" என்றேன். நல்ல யோசனைதான். அதை நானே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இப்போது பக்கத்து அறையில் அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் 'மடங்கிச்சு' என்று கத்தியதை நடித்துக் காட்டுகிறாள் போலிருக்கிறது. அண்ணன் சிரிக்கிறான். நன்றாகத்தான் நடிக்கிறாள். அதுவும் அவளுக்கு வருகிறது.

என் முழங்கையைப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் இல்லை.

நாளை: கடையிலிருந்து அரை மணி முன்னதாகக் கிளம்பி, மற்றவர்கள் வருவதற்குள் குழியைப் பெருக்க வேண்டும்.